வெளிநாட்டுப் பயணத்தில் ஆட்டோகிராஸ்: வேலூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிற காட்பாடிக்காரர், தோல் வியாபார வேலையாக ஐரோப்பா போய்வரும் ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர், மேற்படிப்புக்குக் கிளம்பும் வி.ஐ.டி. மாணவர் என யாராக இருந்தாலும், கார் ஓட்டுவதில் ஆசை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஆட்டோகிராஸுக்கு ஒதுக்கலாம். பந்தய லைசென்ஸ் வேண்டாம், பந்தயக் காரும் வேண்டாம். பெரிய பார்க்கிங் மைதானத்திலோ பழைய விமான ஓடுபாதையிலோ ஆரஞ்சு நிற கோன்களை வைத்து வளைந்து நெளிந்த ஒரு தடம் போடுவார்கள். ஒவ்வொரு காராகத் தடத்தில் விட்டு, எத்தனை வினாடியில் முடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு சுற்று பெரும்பாலும் 40 முதல் 60 வினாடி. முதல் கியரில் கிளம்பி இரண்டாவது போட்டால் கடைசிவரை அதிலேயே ஓடலாம். வேகம் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டாது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் ஸ்டியரிங்கை நீங்கள் திருப்பும் அளவுக்கு, வேலூரிலிருந்து சென்னை போய்ச் சேரும்வரை திருப்பியிருக்க மாட்டீர்கள்.

ஓட்டுவதைவிட, யாருடைய காரை ஓட்டுவது என்பதுதான் இதில் பெரிய கேள்வி. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

எந்த நாட்டில் எந்தப் பெயரில் தேடுவது

அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்றே தேடலாம். 1944-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, அதாவது எஸ்.சி.சி.ஏ., இதை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது. அதன் வட்டாரக் கிளைகள் நாடு முழுக்க இருக்கின்றன. பி.எம்.டபிள்யூ., போர்ஷே கார் உரிமையாளர் சங்கங்களும் நடத்துகின்றன. பல இடங்களில் வேறு கம்பெனிக் காருக்கும் இடம் தருவார்கள்.

பிரிட்டனில் ஆட்டோகிராஸ் என்று கேட்டால் புல்தரையிலும் மண்ணிலும் ஓட்டுவதைக் காட்டுவார்கள். நம் நாட்டிலும் அந்தப் பெயரில் நடப்பது பெரும்பாலும் மண் தடம்தான். தார்த் தரையில் கோன் சுற்றி ஓட்ட வேண்டுமானால் பிரிட்டனில் 'ஆட்டோசோலோ' என்று தேடுங்கள். 'ஆட்டோடெஸ்ட்' என்பதில் ரிவர்ஸ் எடுப்பதும் சேர்ந்து வரும். அந்நாட்டு மோட்டார் விளையாட்டு அமைப்பான மோட்டார்ஸ்போர்ட் யுகே தரும் ஆர்.எஸ். கிளப்மேன் லைசென்ஸ் இலவசம், தொடக்க நிலைப் போட்டிகளுக்கு அதுவே போதும். ஆஸ்திரேலியாவில் 'மோட்டார்கானா', ஜப்பானில் 'ஜிம்கானா', ஜெர்மனியில் 'ஸ்லாலோம்'.

முதல்முறை என்றால் பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் மூன்றும் நமக்கு வசதி. அங்கெல்லாம் ஸ்டியரிங் வலப்பக்கம். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இடப்பக்கம். இது சின்ன விஷயமில்லை, கோன் விழுவதில் பாதி இதனால்தான்.

யாருடைய கார்

வாடகைக் காரைக் கொண்டுபோகாதீர்கள். இதில் விதிவிலக்கு தேடுவதே வீண். ஏறக்குறைய எல்லா வாடகை ஒப்பந்தங்களிலும் 'பந்தயம், வேகப் போட்டி, நேரம் பார்த்து ஓட்டும் நிகழ்ச்சி எதிலும் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். அதை மீறினால் கவுன்டரில் பணம் கட்டி வாங்கிய சேதப் பாதுகாப்பு அப்படியே ரத்து. பம்பரில் கீறல் விழுந்தாலும் முழுச் செலவும் உங்கள் கார்டிலிருந்து போகும். 'பொதுச் சாலை இல்லையே, மூடிய மைதானம்தானே' என்ற வாதம் எடுபடாது. வண்டி எங்கே நின்றது, எப்படி ஓடியது என்று காட்டும் டிராக்கர் பல வாடகைக் கார்களில் இருக்கிறது. தனியாரிடம் ஆப் மூலம் எடுக்கும் காருக்கும் இதே கதிதான்.

அப்படியானால் வழி? நான்கு இருக்கின்றன.

முதலாவது, சிறந்தது: அங்கே இருக்கும் மகன், மருமகன், நண்பர் யாருடைய காரிலாவது இரண்டாவது ஓட்டுநராகச் சேர்வது. ஒரே காரில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவது இந்த விளையாட்டில் வழக்கம்தான். இருவருக்கும் தனித்தனி எண், தனித்தனிக் கட்டணம். சொந்தக் கார் இன்சூரன்ஸும் இதுபோன்ற நிகழ்ச்சிகளை விலக்கி வைத்திருக்கலாம். அதனால் பாலிசியைப் படித்துவிட்டு, உடைந்தால் யார் கொடுப்பது என்று முன்னாடியே பேசிவிடுங்கள். உடைத்தவர் கொடுப்பதுதான் அங்கே எழுதாத சட்டம். உறவுக்காரர் வண்டி என்றால் இந்தப் பேச்சு சங்கடமாகத்தான் இருக்கும். கிளட்ச் போன பிறகு பேசுவது அதைவிடச் சங்கடம்.

இரண்டாவது, கிளப்பிடமே எழுதிக் கேட்பது. 'வெளிநாட்டிலிருந்து வருகிறேன், புதியவன், யாராவது காரைப் பகிர முடியுமா' என்று நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மின்னஞ்சல் போடுங்கள். கிடைத்தால் டயர் தேய்மானத்துக்கும் பெட்ரோலுக்கும் ஒரு தொகை கொடுப்பது மரியாதை. மூன்றாவது, கார் அவர்களே தரும் ஓட்டுநர் பள்ளி. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் நடத்தும் பள்ளி அப்படிப்பட்டது. செலவு பல மடங்கு, ஆனால் கவலை இல்லை. நான்காவது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வருவது. ஓட்டவே முடியாமல் போனாலும் இதற்கு மட்டுமாவது போய் வரலாம்.

எந்தக் காராக இருந்தாலும் உயரமான எஸ்.யு.வி. வேண்டாம். காரின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைவிட அதிகமானால் கவிழும் ஆபத்து கூடுகிறது. எஸ்.சி.சி.ஏ. விதிப்புத்தகமே இந்தக் கணக்கை வைத்துத்தான் வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறது.

ஊரிலேயே முடிக்க வேண்டிய காகித வேலை

சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம். பாஸ்போர்ட் நகல் வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். இந்தியா 1949-ம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் இருப்பதால் ஜப்பானிலும் இது செல்லும். அசல் லைசென்ஸ் இல்லாமல் இந்த அனுமதிக்கு மதிப்பில்லை, இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். பதிவு மேசையில் கேட்பது அசல் லைசென்ஸ் அட்டையைத்தான்.

பயணக் காப்பீட்டில் விலக்குப் பட்டியலைப் பாருங்கள். 'மோட்டார் பந்தயம்' அதில் இருக்க வாய்ப்பு அதிகம். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். அமெரிக்க பி-2 விசாவில் பணம் வாங்காத அமெச்சூர் விளையாட்டுப் போட்டிக்கு இடமுண்டு. பரிசுப் பணம் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் நம் ஐ.எஸ்.ஐ. முத்திரை அங்கே செல்லாது. அமெரிக்கக் கிளப்கள், ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் முத்திரையைப் பார்க்கும். கார் பந்தயத்துக்கு எஸ்.ஏ., பைக்குக்கு எம் என்று தொடங்கி, பின்னால் ஆண்டு வரும்: எஸ்.ஏ.2020, எம்2020 என்பதுபோல. ஆட்டோகிராஸுக்கு இரண்டும் ஏற்பு, ஆனால் ரொம்பப் பழைய ஆண்டு முத்திரை ஏற்பில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் போதாது. இதற்காகப் பெட்டியில் ஹெல்மெட் திணிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கிளப்களில் இரவல் ஹெல்மெட் இருக்கும். பத்துப் பேர் வியர்வை பட்டதாக இருக்கும் என்பதால் மெல்லிய பருத்தித் தலையுறை ஒன்று மட்டும் எடுத்துப் போங்கள்.

காலுக்கு அடிப்பாகம் மெல்லிய, தட்டையான ஷூ. தடித்த ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டால் பிரேக்கின் அழுத்தம் காலுக்குத் தெரியாது. செருப்போடு தடத்தில் விடமாட்டார்கள்.

வேலூரில் பயிற்சி

கார் கொஞ்சம் தெரிந்தவர்கள் முதலில் நினைப்பது ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகளைத்தான். அது பொதுச் சாலை, எதிரே பஸ் வரும். அனுமதியில்லாமல் சாலையில் வேகம் பார்ப்பது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் குற்றம். பாலாற்று மணலும் உதவாது. மணலில் சக்கரம் வழுக்கும் விதம் வேறு, அங்கே பழகிய கை தார்த் தரையில் தவறு செய்யும்.

தெரிந்தவருடைய தொழிற்சாலை முற்றமோ கல்யாண மண்டபத்தின் கான்கிரீட் பார்க்கிங்கோ காலியாக இருக்கும் நேரத்தில், உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பத்து பிளாஸ்டிக் கோன் போதும். ஐந்தை ஒரே வரிசையில் 15 மீட்டர் இடைவெளியில் நடுங்கள். சுவர், தூண், சாக்கடை மூடி எதுவும் 20 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. 25 கி.மீ. வேகத்தில் ஒன்றுவிட்டு ஒன்று இடம் வலமாகப் போங்கள். பிறகு 30, 35. வேகம் கூடக் கூட எந்தக் கோனில் கை தாமதமாகிறது என்று கவனிப்பதுதான் பயிற்சி, வேகம் அல்ல.

மீதிக் கோன்களில் எட்டு போடலாம். கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த காரை ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டியில் எட்டு போடும் 'ஸ்கிட்பேட்' தடத்தின் அளவு இதற்கு நல்ல மாதிரி: உள்வட்டம் 15.25 மீட்டர் விட்டம், இரண்டு வட்ட மையங்களுக்கும் இடையே 18.25 மீட்டர். அதில் பாதையின் அகலம் 3 மீட்டர். சாதாரணக் காருக்கு 4 மீட்டராக்குங்கள். வி.ஐ.டி.யின் ஃபார்முலா அணி மாணவர் யாரையாவது தெரிந்தால் பிடியுங்கள். அந்தப் போட்டியில் ஆட்டோகிராஸே ஒரு பிரிவு என்பதால் கோன் வைக்கும் கணக்கு அவர்களுக்கு அத்துபடி.

காசு செலவழிக்கலாம் என்றால் சென்னை நெடுஞ்சாலையில் சுமார் 100 கி.மீ. போனால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடத்தை ஒட்டி கோ-கார்ட் எனும் சிறு வண்டிகளுக்கான தடமும் உண்டு. கோ-கார்ட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கண்ணைத் தூரத்தில் வைக்கும் பழக்கம் வந்துவிடும்.

இடப்பக்க ஸ்டியரிங்குக்கு ஊரில் செய்யக் கூடியது ஒன்றுதான். வேறு யாராவது ஓட்டும்போது இடது சீட்டில் உட்கார்ந்து, சாலையோர வெள்ளைக் கோடு பானெட்டின் எந்த இடத்தில் வந்து மறைகிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். நமக்கு உடம்பு தடத்தின் வலப்புறம் இருந்தே பழக்கம். இடது சீட்டில் உட்கார்ந்தும் உடம்பை அதே இடத்தில் வைக்கப் பார்ப்போம், கார் முழுவதும் வலப்பக்கம் நகர்ந்துவிடும். அதனால்தான் நம்மவர்கள் தட்டுவது எப்போதும் வலப்பக்கக் கோன். (பெடல்களின் வரிசை மாறாது. ஆனால் இண்டிகேட்டர் போடப் போய் வைப்பர் ஓடும், அதற்குச் சிரித்துவிட்டுப் போங்கள்.)

பதிவு

அமெரிக்கக் கிளப்கள் பலவும் மோட்டார்ஸ்போர்ட்ரெஜ் தளத்தில் பதிவு செய்கின்றன. சில வாரம் முன்பு திறக்கும், நல்ல பருவத்தில் சீக்கிரம் நிரம்பும். கட்டணம் பெரும்பாலும் 40 முதல் 80 டாலருக்குள். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு எஸ்.சி.சி.ஏ.வில் வார இறுதி உறுப்பினர் அட்டை உண்டு. வகுப்பு கேட்கும் இடத்தில் 'நோவிஸ்' என்று போடுங்கள். புதியவர்களுக்கான தட நடை, கூட வந்து சொல்லிக்கொடுக்கும் ஆள் எல்லாம் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

அன்றைக்குக் காலை

வாசல் 7 மணிக்குத் திறந்தால் 7 மணிக்கே இருங்கள். 8.30-க்குமேல் வந்தால் பதிவை மூடியிருப்பார்கள். பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து போட்டால் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

வண்டியில் கழற்ற முடிந்த எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கால் மிதியடி, தண்ணீர் பாட்டில், சார்ஜர், டிக்கியில் உள்ள ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம். ஓட்டுநர் பக்க மிதியடிதான் முக்கியம். அது நழுவிப் பிரேக் பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பரிசோதகர் பார்ப்பவை: பேட்டரியை ஆட்டினால் ஆடக் கூடாது, வீல் நட்டு எல்லாம் இருக்க வேண்டும், வீல் கப் கழற்றியிருக்க வேண்டும், சக்கரத்தைப் பிடித்து உலுக்கினால் பேரிங்கில் ஆட்டம் கூடாது, டயரில் நூல் தெரியக் கூடாது, பிரேக் பெடல் பஞ்சுபோல் இறங்கக் கூடாது, ஆக்சிலரேட்டரை மிதித்து விட்டால் உடனே மேலே வர வேண்டும், ஆயில் சொட்டக் கூடாது. வீல் நட்டைக் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும்.

எண்ணை ஒட்டப் பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல நிற டேப் போதும். 8 அங்குல உயரம், இரண்டு பக்கக் கதவிலும். கறுப்புக் காரில் நீலம் தெரியாது, வெள்ளை டேப் எடுங்கள். எண் தெரியாவிட்டால் உங்கள் நேரம் இன்னொருவர் கணக்கில் போகும்.

டயர் காற்று: கதவோரத்தில் 32 பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தால் முன்னால் 37, பின்னால் 35-ல் தொடங்குங்கள். சாதாரண டயரின் பக்கச்சுவர் மெத்தென்று இருக்கும். வேகமாகத் திருப்பினால் டயர் மடிந்து பக்கச்சுவரே தரையைத் தேய்க்கும். டயரின் தோள்பட்டையில் சின்ன முக்கோணக் குறி ஒன்று உண்டு. அந்த இடத்தில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் பாருங்கள். முக்கோணத்தைத் தாண்டிச் சாக் அழிந்திருந்தால் 2 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். முக்கோணத்துக்கு வெகு முன்பே அழிவு நின்றிருந்தால் 2 குறையுங்கள். ஓட ஓடச் சூடேறி 2 முதல் 4 வரை தானாகக் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். இருவர் ஓட்டும் காரில் டயர் ஆறவே நேரம் கிடைக்காது. அதனால் பூவாளியிலோ ஸ்பிரே பாட்டிலிலோ தண்ணீர் தெளிப்பார்கள்.

தடத்தில் நடப்பது

இதைத்தான் புதியவர்கள் அசட்டை செய்கிறார்கள். முதல் சுற்றில் நேரம் போவது ஓட்டத் தெரியாமல் அல்ல, வழி தெரியாமல். நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும் பாதை, சீட்டில் உட்கார்ந்தால் ஆரஞ்சுக் கடலாகிவிடும். அதனால் குறைந்தது மூன்று முறை நடங்கள். முதல் நடை, வடிவம் பிடிபட. இரண்டாவது நடையில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன் முட்டியை மடித்துக் குனிந்து, சீட்டில் உட்காரும் உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். மூன்றாவதில் பிரேக் எங்கே, கியர் எங்கே என்று முடிவு செய்யுங்கள். கூட்டமாக அரட்டையடித்துக்கொண்டு நடந்தால் ஒன்றும் மனதில் நிற்காது.

படுத்திருக்கும் கோன் அம்பு மாதிரி. அதன் முனை எந்த நிற்கும் கோனைக் காட்டுகிறதோ அதைச் சுற்றி, படுத்த கோன் இல்லாத மறுபக்கமாகப் போக வேண்டும். ஒவ்வொரு நிற்கும் கோனைச் சுற்றியும் தரையில் சதுரமாகக் கோடு இருக்கும். கோனைத் தட்டினாலும் அது நிமிர்ந்து நின்று, ஓரமாவது கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் தண்டனை இல்லை. விழுந்தாலோ கட்டத்தைவிட்டு முழுதாக வெளியேறினாலோ எஸ்.சி.சி.ஏ. விதியில் 2 வினாடி கூடும். வினாடியில் பத்தில் ஒரு பங்கில் இடம் மாறும் விளையாட்டில் 2 வினாடி என்பது அன்றைய சுற்றே போனதுபோல. ஒரு வாயிலை, அதாவது இரண்டு கோன்களுக்கு இடையே போக வேண்டிய வழியை, தவறவிட்டால் அந்தச் சுற்றே கணக்கில் வராது.

ஓட்டுநர் கூட்டம் கட்டாயம். சிவப்புக் கொடி பார்த்தால் உடனே நிற்க வேண்டும், வழக்கமாக அந்தச் சுற்றைத் திரும்ப ஓட விடுவார்கள்.

ஓட்டம்

சீட்டை முன்னால் இழுங்கள். முதுகு சாய்ந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பெல்ட்டை இறுக்கி, கைகளை 9 மணி, 3 மணி இடத்தில் வையுங்கள். ஏ.பி.எஸ். இருக்கட்டும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை முதல் இரண்டு சுற்றுக்கு அணைக்க வேண்டாம்.

டைமரைத் தொடங்கிவைக்கும் ஒளிக்கதிர் கிளம்பும் கோட்டுக்குச் சில மீட்டர் தள்ளித்தான் இருக்கும். அதனால் கிளட்சைக் கருக்கிக் கிளம்புவதில் லாபம் இல்லை. முதல் சுற்றை முக்கால் வேகத்தில், ஒரு கோனும் விழாமல், வழி தவறாமல் முடிப்பது மட்டுமே வேலை. மூன்றாவது, நான்காவது சுற்றில் நேரம் தானாகக் குறையும்.

வழக்கமாகக் கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, திருப்பத்துக்குள் வேகமாக நுழைவது. முன் டயர் கீச்சிட்டு, கார் திரும்பாமல் நேரே போகும். உடனே ஸ்டியரிங்கை இன்னும் திருப்பத் தோன்றும். டயருக்கு இருக்கிற பிடி அவ்வளவுதான், அதிகமாகத் திருப்பினால் பிடி குறையத்தான் செய்யும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விடுங்கள், மூக்கு திரும்பும். அடுத்த சுற்றில் பிரேக்கை நேர்க்கோட்டிலேயே முடித்துவிடுங்கள்.

மற்றொன்று ஸ்லாலோம், அதாவது ஒரே வரிசையில் நிற்கும் கோன்களை ஒன்றுவிட்டு ஒன்று இடம் வலமாகக் கடக்கும் பகுதி. முதல் கோனை நெருங்கிய பிறகு திருப்பினால் இரண்டாவதுக்கு இன்னும் தாமதம், மூன்றாவதில் கோன் பானெட்டில். கார் கோனுக்கு மிக நெருக்கமாக இருக்கும் இடம் கோனின் பக்கவாட்டில் இல்லை, கோனுக்குச் சற்று முன்பே இருக்க வேண்டும். கோனைக் கடக்கும்போது கார் அடுத்த பக்கத்துக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். கண் எப்போதும் இரண்டு கோன் தள்ளி. எந்தக் கோனை முறைத்துப் பார்க்கிறீர்களோ அதையே இடிப்பீர்கள்.

வலப்பக்கக் கோன் மறுபடி மறுபடி விழுந்தால், வரிசையில் காத்திருக்கும்போது நண்பரை ஒரு கோனை வலது முன் சக்கரத்தை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். சீட்டிலிருந்து பார்த்தால் கோனின் உச்சி பானெட்டில் எந்த இடத்துக்கு மேலே தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைத்ததைவிட உள்ளே தெரியும். அந்த அரை அடி தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் வேகத்தை நடை அளவுக்குக் குறையுங்கள். அங்கே சறுக்கிச் சுழன்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் விடுங்கள், சூடான பேட் டிஸ்கில் ஒட்டிக்கொள்ளக் கூடும்.

கோன் எடுக்கும் முறை

ஓட்டாத நேரத்தில் தடத்தில் நின்று விழுந்த கோனை எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு. அதைச் செய்யாமல் போனால் ஓடிய நேரமெல்லாம் ரத்து. வரும் காருக்கு முதுகு காட்டக் கூடாது, உட்காரக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. கோன் விழுந்தால் அடுத்த கார் எங்கே என்று பார்த்துவிட்டு ஓடி, கட்டத்தில் சரியாக வைத்து, தட்டிய காரின் எண்ணை ரேடியோவில் சொல்லுங்கள். நம் உச்சரிப்பு ரேடியோ இரைச்சலில் குழம்பும். '32' என்று சேர்த்துச் சொல்லாமல் 'மூன்று, இரண்டு' என்று அவர்கள் மொழியில் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னால் திரும்பக் கேட்க மாட்டார்கள். வெயில் நமக்குப் புதிதில்லை என்று தொப்பி இல்லாமல் போகாதீர்கள். கறுப்புத் தார் மைதானத்தில் நிழலே இருக்காது, பக்கத்தில் டீக்கடையும் இருக்காது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள்.

எல்லாம் முடிந்து கிளம்பும் முன் டயர் ஆறட்டும். பிறகு காற்றைப் பழைய 32-க்குக் கொண்டுவாருங்கள். வீல் நட்டை இன்னொரு முறை முறுக்கிப் பார்த்து, கதவிலிருக்கும் எண்களை உரித்துவிட்டே சாலையில் ஏறுங்கள். எண்ணோடு போனால் நெடுஞ்சாலையில் முதல் போலீஸ்காரரே கை காட்டுவார்.